சரவணமுத்துக் கிண்ணமும் ஒரு மாணவர் அணியும்



திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தை அடுத்துள்ள ஊர் அன்புவழிபுரம். அங்கே வாழ்ந்து, அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணிபுரிபவன் நான். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள் எங்கள் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பட்டின மைதானத்தில் நடந்த துடுப்பாட்டப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தேன். எங்கள் அணி அதற்கு முன்தினமே தோற்று வெளியேறியிருந்தது. அன்று களத்தில் நின்றவை ஒரு சிங்களப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் ஆகும். ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் என் அருகில் வந்தமர்ந்து, சற்று நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இதில எங்கட ஆக்கள் ஆர்?" என்று கேட்டான்.

"நன்றாக விளையாடுகிறவர்கள் யாரோ, அவர்களே நம்மவர்கள்" என்று சொல்லி வைத்தேன். அந்த விடை அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. உண்மையைச் சொல்வதானால், எனக்கும் அது போதவில்லை. களத்தில் நிற்போருள் ஒரு சாராரைத் தன்னவர் என்று எண்ணாமல் எந்த ஆட்டத்தையும் எவரும் உள்ளம் ஒன்றிப் பார்ப்பதில்லை. அங்ஙனமாயின், ஒருவரை நம்மவர் ஆக்குவது எது? பிறப்பா? மொழியா? மதமா? அன்றி வேறொன்றா? இவ்வினாவுக்கு இலங்கையின் விளையாட்டு வரலாற்றில், நான் பிறப்பதற்கு முன்னரே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1962–63ஆம் ஆண்டுப் பருவத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்து மாணவர் அணியொன்று, நாட்டின் முதன்மையான துடுப்பாட்டக் கழகங்களுடன் போட்டியிட்டு, சரவணமுத்துக் கிண்ணத்தை வென்றதே அவ்விடை.

பல்கலைக்கழகங்கள் தம்முள் விளையாடிப் பார்ப்பது பழைய வழக்கம். ஒக்ஸ்போட்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலாகத் துடுப்பாட்டத்தில் எதிர்நின்ற ஆண்டு 1827. நம் ஆசியாவிலே இதற்குச் சிறந்த உதாரணம் பிலிப்பைன்ஸ் நாடாகும். மணிலா நகரத்துக் கல்லூரிகள் சில 1924ஆம் ஆண்டிலேயே ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்தன. பின்னர் 1938இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம், சாந்தோ தோமாஸ், தூரகிழக்குப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் என்னும் நான்கும் கூடித் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவின. இவற்றுள் சாந்தோ தோமாஸ் 1611இல் தோன்றிய பழம்பெரும் கலைக்கூடம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அதன் வளாகமே அந்நிய நாட்டவரை அடைத்துவைத்த முகாமாயிற்று. போர் ஓய்ந்தபின் விளையாட்டு மீண்டும் தளிர்த்தது. அங்கே கூடைப்பந்தாட்டப் பருவம் தொடங்கிவிட்டால், படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி நகரத்தார் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றுகொள்வர். தேசியப் பல்கலைக்கழகம் 1954இல் கூடைப்பந்தாட்டத்தில் வெற்றிபெற்றபின், அடுத்த வெற்றிக்காக 2014வரை அறுபது ஆண்டுகள் காத்திருந்தது. தந்தையின் ஆவல் மகனுக்கும், மகனின் ஆவல் பேரனுக்கும் கைமாறி வந்தது என்றே சொல்லவேண்டும்.

இலங்கையிலோ நிலைமை வேறு. இங்கே நெடுங்காலம் ஒரேயொரு பல்கலைக்கழகந்தான் இருந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றாக்கப்பெற்று, 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஏப்ரல் ஒன்பதாந் திகதி, எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அத்தகைய போர்க்காலத்திலே, 904 மாணவர்களோடு, ஐவர் ஜெனிங்ஸ் என்பாரை முதல் உபவேந்தராகக் கொண்டு அக்கலைக்கூடம் தன் பணியைத் தொடங்கிற்று. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்னும் இரண்டு பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாக உயரும்வரை, அதனோடு எதிர்நின்று ஆடுவதற்கு மற்றொரு பல்கலைக்கழகம் இந்நாட்டில் இல்லை. ஆகவே, மாணவர்கள் ஆடவேண்டுமாயின், வளர்ந்தோரின் கழகங்களுடனேயே மோதவேண்டியிருந்தது.

அக்கழகங்களின் பெயர்களைச் சிறிது கவனிப்போம். கொழும்பு மலாயர் துடுப்பாட்டக் கழகம் தோன்றியது 1872இல். பறங்கியர் பொழுதுபோக்குக் கழகம் 1896இல் அமைந்தது. சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியன் கழகமும் ஒரே ஆண்டில், அதாவது 1899இல் எழுந்தன. சோனகர் விளையாட்டுக் கழகம் 1908இல் உண்டாயிற்று. ஐரோப்பியருக்கென்று 1863இலேயே கொழும்புத் துடுப்பாட்டக் கழகம் இருந்தது. இத்தனைக்கும் நடுவே, 1888இல் தோன்றிய ஒரு கழகம் 'நொண்டெஸ்கிறிப்ட்ஸ்' என்று பெயர் பூண்டது. இன்ன வகையினர் என்று சொல்ல இயலாதவர் என்பது அச்சொல்லின் பொருள். எல்லா இனத்தாரும் சேரக்கூடிய கழகத்துக்கு இட்ட பெயர் அது. வகை கூறப்படாமை ஒரு புதுமையாக, ஏறக்குறைய ஒரு வேடிக்கையாக, கருதப்பட்ட காலம் என்பதை அப்பெயரே காட்டும்.

இக்கழகங்களை நாம் குறை கூறுவதற்கில்லை. வெள்ளையரின் கழகங்களில் நம்மவருக்கு இடமில்லாதிருந்த காலத்தில், ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் பணத்தைத் திரட்டி, நிலம் பெற்று, புல்வளர்த்து, இளைஞருக்குக் களம் அமைத்துக் கொடுத்தனர். அக்களங்களிலே வளர்ந்தவர்களால்தான் இலங்கை உலகறியத் துடுப்பாடிற்று. தமிழ் யூனியன் கழகத்தின் மகாதேவ சதாசிவம் அவர்கள் 1947இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில், தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்ததை இன்றும் முதியோர் வியந்து பேசுவர். அவர் குவித்த ஓட்டங்கள் இலங்கை அணியின் ஓட்டங்களாகவே எண்ணப்பட்டன. ஆயினும், கொழும்பில் வார இறுதியில் கழகங்கள் மோதும்போது, பார்வையாளருள் பலர் தம் இனத்தின் பெயரைப் பார்த்தே பக்கம் சேர்ந்தனர் என்பதும் மறுக்க முடியாதது.

இந்தியாவிலும் இத்தகைய நிலை இருந்தது. பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர், ஏனையோர் என ஐந்து அணிகள் மதவாரியாகப் பிரிந்து ஆடிய போட்டி பெரும் புகழ் பெற்றிருந்தது. 1940ஆம் ஆண்டு இறுதியில் சிலர் காந்தியடிகளைக் கண்டு அது குறித்து வினவினர். கல்லூரிக்கும் கல்லூரிக்கும், நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே போட்டி நடப்பது தமக்கு விளங்குகிறது என்றும், இந்து அணி, பார்சி அணி, முஸ்லிம் அணி என்று வகுத்துக்கொள்வதன் காரணம் தமக்கு ஒருபோதும் விளங்கியதில்லை என்றும் அவர் கருத்துரைத்தார். 1946உடன் அப்போட்டி நின்றுபோயிற்று. இந்தியப் பல்கலைக்கழகங்களோ 1935இலிருந்தே ரோகின்டன் பாரியா கிண்ணத்துக்காகத் தம்முள் ஆடிவந்தன. காந்தியடிகள் எடுத்துக்காட்டிய வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரியின் அணியில் சேர்வதற்கு அக்கல்லூரியில் படித்தாற் போதும். ஓர் இனத்தின் அணியில் சேர்வதற்கோ அவ்வினத்திற் பிறந்திருக்க வேண்டும்.

இனி, கிண்ணத்தின் வரலாற்றுக்கு வருவோம். கொழும்புக் கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டி 1938இல் டெய்லி நியூஸ் கிண்ணத்துக்காக ஆடப்பெற்றது. 1950–51ஆம் பருவம் முதல் அது பாக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயரால் வழங்கலாயிற்று. சரவணமுத்து அவர்கள் அரசாங்க உயர்பதவி வகித்தவர். தமிழ் யூனியன் கழகத்துக்காகத் தம் ஓய்வையெல்லாம் ஈந்தவர். கொழும்பு ஓவல் மைதானம் 1940இல் உருவானதில் அவர் பங்கு தலையாயது. 1948இல் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் அம்மைதானத்திலேதான் ஆடிற்று. ஆடுகளத்தின் நீளம் இரண்டு கஜம் குறைந்திருந்தது அன்று தெரியவந்ததாக ஒரு செய்தியும் உண்டு. தமிழர் கழகத்தின் மைதானம் நாடு முழுவதற்கும் உரிய மைதானமாயிற்று. தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய கிண்ணத்துக்காக எல்லா இனத்தாரும் போட்டியிட்டனர். இவையும் நாம் மறத்தற்குரியன அல்ல.

1962–63ஆம் பருவத்துக்கு முந்திய ஆண்டுகள் நாட்டுக்கு நல்ல ஆண்டுகளாக அமையவில்லை. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1958இல் இனக்கலவரம் மூண்டது. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. திருகோணமலையும் அதிற் பங்குகொண்டது. அவசரகாலச் சட்டத்தோடு அது முடிவுற்றது. மனங்கள் விலகிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்திலேதான் கார்லைல் பெரேரா என்பவர் தலைமையில் பல்கலைக்கழக மாணவர் அணி களமிறங்கிற்று.

அவ்வணியில் மனோ பொன்னையா இருந்தார். லரீப் இத்ரூஸ் இருந்தார். படி றீட் இருந்தார். தலைவரையும் சேர்த்து இந்த நான்கு பெயர்களை மெல்ல உச்சரித்துப் பாருங்கள். கழகங்களின் கணக்குப்படி பார்த்தால், இவர்கள் தனித்தனிக் கழகங்களுக்கு உரியவர்கள். ஒருவர் பந்து வீச மற்றவர் எதிர்நின்று ஆடவேண்டியவர்கள். பல்கலைக்கழகமோ அவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்தியது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே: அவர்கள் ஒரே கலைக்கூடத்தின் மாணவர்கள்.

மாணவர் அணிக்கு இருந்த இடர்ப்பாடுகள் சில அல்ல. கழக அணியிலே ஒருவர் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆடுவார். அனுபவம் திரண்டு நிற்கும். மாணவர் அணியிலோ மூன்று நான்கு ஆண்டுகளில் ஒருவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். அவர் இடத்தைப் புதியவர் ஒருவரைக் கொண்டு நிரப்பவேண்டும். கழகத்தவருக்குத் தொழில் முடிந்த மாலைகளில் பயிற்சி. மாணவருக்கோ விரிவுரைகளும், ஆய்வுகூட வேலையும், மருத்துவ மாணவராயின் நோயாளர் விடுதியிற் கடமையும் குறுக்கே நிற்கும். பரீட்சை ஒருவருக்காகவும் காத்திராது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அன்று பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்திருந்தது. கலைப்பகுதி முதலியன 1952 தொடக்கம் பேராதனைக்குப் பெயர்ந்துவிட்டன. மருத்துவம் முதலியன கொழும்பிலேயே இருந்தன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய எழுபது மைல் தூரம். மலைநாட்டில் இருந்தவர் இறங்கி வரவேண்டும். கொழும்பில் இருந்தவர் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு தரம் முழு அணியும் கூடிப் பயிற்சி செய்வதற்கே பெருமுயற்சி வேண்டியிருந்திருக்கும் என்பதை, ஒரு பாடசாலைக்குள்ளேயே பதினொருவரை ஒரு நேரத்தில் மைதானத்துக்கு வரச் செய்ய அரும்பாடுபடும் என் போன்றோர் நன்கு உணர்வோம்.

அத்தகைய அணி, நீண்டகால அனுபவம் வாய்ந்த கழகங்களை விஞ்சிச் சரவணமுத்துக் கிண்ணத்தைக் கைக்கொண்டது. துடுப்பாட்டம் பல நாள் நீடிக்கும் ஒரு பருவத்தின் ஆட்டம். ஒரு நாள் நல்லூழால் ஓர் ஆட்டத்தில் வெல்லலாம். பருவம் முழுவதும் முன்னிற்பதற்கு நல்லூழ் மட்டும் போதாது. ஒருவர் தோற்றவிடத்து மற்றவர் தாங்க வேண்டும். பிடிதவறவிட்டவனைக் கடிந்துகொள்ளாது அடுத்த பந்துக்கு ஆயத்தமாக வேண்டும். பந்து வீசுபவன் தன் திறமையை நம்புவது போலவே, களத்தடுப்பில் நிற்பவனின் கைகளையும் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஓராண்டு ஈராண்டிலே, வெவ்வேறு இல்லங்களிலிருந்து வந்த இளைஞரிடையே உண்டானது என்பதே இவ்வெற்றியில் நான் காணும் பெருஞ் சிறப்பு.

அவர்கள் பின்னர் என்ன ஆயினர்? விளையாட்டினால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இதனைச் சற்றுச் செவிமடுக்க வேண்டும். படி றீட் மருத்துவராகி அவுஸ்திரேலியா சென்றார். லரீப் இத்ரூஸ் மருத்துவராகி அமெரிக்கா சென்றார். மனோ பொன்னையா கட்டடக் கலைஞரானார். அவர் 1967 முதல் 1969 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1827இல் தொடங்கியதென நான் முன்னர்க் குறிப்பிட்ட அந்தப் பழைய போட்டியில், இலங்கைத் தமிழர் ஒருவரும் இடம்பெற்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. இவர்களுள் பலர் கடல் கடந்தனர் என்பதோ ஒரு துயரையும் உடன் கொண்டுவருகிறது. சேர்ந்து நின்று வென்றவர்களை ஒன்றாக வைத்துக்கொள்ளும் பேறு இந்நாட்டுக்கு வாய்க்கவில்லை.

அதன்பின் நடந்தவற்றை நேயர்கள் அறிவர். 1970களில் பல்கலைக்கழக அனுமதி முதலில் மொழிவாரியாகவும், பின்னர் மாவட்டவாரியாகவும் வகுக்கப்பட்டது. பழைய இலங்கைப் பல்கலைக்கழகம் 1972இல் புதிய அமைப்பொன்றில் அடங்கி, 1978இல் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயிற்று. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் தோன்றியது. 1980களில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2001இல் எங்கள் திருகோணமலைக்கும் ஒரு வளாகம் கிடைத்தது. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் பட்டம் பெறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று என்பது பெரும் நன்மை. 1962இல் அத்தகைய வாய்ப்புச் சிலருக்கே கிட்டியது என்பதையும், துடுப்பாட்டத்திற் சிறந்தோரை உருவாக்கும் வசதி பெரும்பாலும் கொழும்புப் பெருங் கல்லூரிகளிடமே இருந்தது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆயின், கலவரங்களும் நீண்ட போரும் வந்து சென்றபின், ஒரு பிள்ளை முதலாந் தரத்திலிருந்து பாடசாலை இறுதி வரை வேற்றுமொழி பேசும் ஒரு தோழனோடு ஒரே அணியில் ஒருமுறையேனும் நில்லாமல் வளர்ந்துவிடுவது இன்று எளிதாகிவிட்டது. எதிரணியில் மட்டுமே அவனைக் காண்கிறது.

இருப்பினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சரவணமுத்துக் கிண்ணத்துக்கான போட்டி பின்னர் வேறு பெயர்களைப் பெற்று, 1988–89 முதல் முதல்தரப் போட்டியாக உயர்ந்தது. 1977இல் கொழும்பு ஓவல் மைதானத்துக்கும் சரவணமுத்து அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியதும், 1985 செப்ரெம்பரில் இந்தியாவை வென்று முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அதே மைதானத்தில்தான். பிற்காலத்தில் அம்மைதானத்துக்குரிய தமிழ் யூனியன் கழகத்துக்காகக் கண்டித் தமிழர் முத்தையா முரளிதரனும் ஆடினார். குருநாகல் தந்த சிங்கள இளைஞர் ரங்கன ஹேரத்தும் ஆடினார். கழகத்தின் பெயர் மாறவில்லை. கதவு அகலத் திறந்துகொண்டது. 1962–63இல் மாணவர்கள் காட்டிய வழியிலே கழகங்களும் நடக்கத் தலைப்பட்டன என்று கொள்வதில் தவறில்லை.

அந்த ஏழாந் தரத்து மாணவனின் வினாவுக்கு மீள்வோம். "எங்கட ஆக்கள் ஆர்?" என்று அவன் கேட்டான். அன்று சொல்லத் தெரியாத விடையை இன்று இவ்வாறு சொல்வேன்: நாம் யாரோடு சேர்ந்து பயின்றோமோ, யாருடைய தவறை நாம் ஈடுசெய்தோமோ, நம் தவறை யார் ஈடுசெய்தாரோ, அவர்களே நம்மவர். ஆனால் இதனை வாயாற் சொல்லி ஒரு சிறுவனுக்கு விளக்க முடியாது. அவனே நின்று ஆடி அறியவேண்டும்.

ஆதலின், சென்ற ஆண்டு நானும் அயற்பாடசாலைகளின் அதிபர் இருவரும் கூடி ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மூன்று பாடசாலை மாணவரையும் ஒரே மைதானத்துக்கு அழைத்து, பெயர்களைச் சீட்டிலெழுதிக் குலுக்கி, கலப்பு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டோம். முதல் மணித்தியாலம் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. ஓட்டம் எடுக்க ஓடும்போது கூப்பிட வேண்டியிருந்ததால், பேசத்தான் வேண்டியதாயிற்று. 'ஓடு', 'நில்' என்பவற்றுக்கு மற்ற மொழியிற் சொல் என்னவென்று மதிய உணவுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் மாணவனும் அன்று ஆடினான். அவன் ஒரு பந்தைத் தவறவிட்டபோது, பின்னால் ஓடிப்போய் அதைத் தடுத்தவன் சிங்களப் பாடசாலைப் பையன் ஒருவன். மாலையில் வீடு திரும்பும்போது அவனைப் பற்றியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். அன்று நம்மவர் யார் என்று அவன் என்னைக் கேட்கவில்லை.

நாடெங்குமுள்ள அதிபர், ஆசிரியப் பெருமக்கள் தத்தம் ஊர்களில் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையேனும் இங்ஙனம் ஒதுக்குவார்களாயின், அறுபது ஆண்டுகளுக்கு முன் மாணவர் அணியொன்று வென்ற கிண்ணத்துக்கு அதனிலும் சிறந்த நன்றிக்கடன் வேறில்லை.